முந்நூற்று அறுபது செங்கல்

இயேசுதாசன் எதையும் லேசில் நம்பாத ஆள். தபாலில் வந்த உறையைக்கூட ஒட்டிய இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் பிரிப்பார். பூசையில் பக்கத்தில் இருப்பவர் கண்ணை மூடினால், செபமா தூக்கமா என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். அப்படிப்பட்டவருக்கு வாய்த்த வேலையைப் பாருங்கள்! கட்டட வேலை படிக்கிறவர்களுக்குச் செலவு மதிப்பீட்டைத் தபாலில் சொல்லிக்கொடுப்பது. முகம் தெரியாத பதினைந்து மாணவர்கள். கேள்வி தபாலில் போகும், விடை தபாலில் வரும். எழுதியது யார் என்பது ஆண்டவருக்குத்தான் வெளிச்சம்.

1981 ஜூனில் அவர் பயந்தது நடந்தேவிட்டது. ஒரு சுவர், அதில் ஒரு கதவு. கதவைக் கழித்துவிட்டு எத்தனை செங்கல் வேண்டும் என்று கணக்குப் போட வேண்டும். விடை இரண்டாயிரத்து நாற்பது. பல வருஷமாகத் திருத்துவதால் அவருக்கு மனப்பாடம். பதின்மூன்று பேர் அப்படியே எழுதியிருந்தார்கள். இரண்டு பேர் மட்டும் இரண்டாயிரத்து நானூறு. தப்பு யாருக்கும் வரும். ஒரே தப்பு, ஒரு கல் பிசகாமல், பஃபலோ ரோட்டுச் சந்திரமதிக்கும் தீவின் மேற்குக் கோடியில் துவாஸில் இருக்கும் சேக் தாவூதுக்கும் எப்படி வரும்?

"யாரப் பாத்து யாரு எழுதுனது?" என்று மனைவி பிரிஜட்டிடம் பொருமினார்.

"படிச்சு எழுதிருப்பாங்க லா. சாப்பிட வாங்க."

இருவர் பெயரையும் நீக்கச் சொல்லி, பாடத்தை நடத்தும் பயிற்சி நிலையத்துக்குக் கடிதம் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சனிக்கிழமை காத்தோங்கிலிருந்து பஸ் ஏறினார். கையும் களவுமாகப் பிடித்துவிட்டுத்தான் தபாலில் போடுவதாக எண்ணம்.

சந்திரமதி ஒரு கான்ட்ராக்டர் ஆபீசில் டைப் அடிப்பவள். சார் வீடு தேடி வந்ததில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மைலோ கலக்கி வைத்தாள். குற்றமுள்ளவர்கள்தான் இப்படி விழுந்து விழுந்து உபசரிப்பார்கள் என்று அவர் அதைத் தொடவே இல்லை.

"சேக் தாவூத எத்தன நாளாத் தெரியும்?"

"யாரு சார் அது?"

"நடிக்காதம்மா. காப்பி அடிச்சது யாரு, நீயா அவனா?"

அவள் கண் கலங்கிவிட்டது. "சார், இந்த சர்டிபிகேட் வந்தாத்தான் பாஸ் என்ன எஸ்டிமேட் செக்‌ஷன்ல போடுவாரு. இல்லாட்டி அடுத்த மாசம் வேற ஆள் எடுத்துருவாங்க. அதுல போய் நான் காப்பி அடிப்பேனா?"

கண்ணீரும் ஒரு தந்திரம்தான் என்று நினைத்துக்கொண்டார். "அப்ப என் முன்னாடி போட்டுக் காட்டு."

சந்திரமதி கேள்வித்தாளை எடுத்து வந்தாள். "சுவரு நீளம் பதினாலு மீட்டர், ஒசரம் மூணு. கதவுக்கு ரெண்டு சதுர மீட்டர் கழிச்சா நாப்பது. சதுர மீட்டருக்கு அறுபது கல்லு..."

"நிறுத்து. பன்னெண்டு மீட்டர் சுவரும்மா அது!"

அவள் தாளை அவர் பக்கம் திருப்பினாள். பதினான்கு. அடியில் அவருடைய கையெழுத்து.

அப்போதுதான் ஞாபகம் வந்தது. பழைய விடையைப் பார்த்து எழுதும் திருடர்களைப் பிடிப்பதற்காக, ஜனவரியில் அவரேதான் பன்னிரண்டைப் பதினான்காக மாற்றினார். விடையைப் பிறகு திருத்திக்கொள்ளலாம் என்று விட்டது, விட்டதுதான். பொறி வைத்தவரும் அவர், போய் விழுந்தவரும் அவர். வெட்கம் பிடுங்கித் தின்றது.

"மன்னிச்சிரும்மா. நீ போட்டதுதான் சரி." கடிதத்தை எடுத்துக் கிழித்தார்.

சந்திரமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அப்ப பன்னெண்டு மீட்டருக்கு எத்தன பேரு எழுதிருந்தாங்க சார்?"

"பதிமூணு பேரு."

"அவங்களுக்கு எவ்வளவு மார்க் போட்டீங்க?"

இயேசுதாசன் ஆறிப்போன மைலோவை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

"நூத்துக்கு நூறு," என்றார். "நேத்தே தபால்ல போட்டாச்சு."