சட்டைப் பையில் நூல்

செவ்வந்தி போனைக் காதில் வைத்ததும், அவள் புருஷனின் அக்கா மாணிக்கம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“காவியாவ இப்ப கூப்டாத. அப்பனப் பாத்துட்டு அது எதனா பண்ணிக்கினா இன்னா செய்வ? காரியம் முடியட்டும்.”

கூடத்தில் அவள் புருஷன் சேட்டுவின் உடலைப் பெஞ்சில் கிடத்தியிருந்தார்கள். காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிச் சட்டைப் பொத்தான் போடும்போதே சரிந்துவிட்டார்.

மகள் காவியா திருப்பத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறாள் என்றுதான் ஊரில் சொல்லியிருந்தார்கள். வேலூரில், மனம் சரியில்லாத பிள்ளைகளைத் தங்கவைத்துப் பார்க்கும் இல்லத்தில் அவள் இருப்பது மூன்று பேருக்குத்தான் தெரியும்.

செவ்வந்தி முதல் நாள் கொண்டுபோய் விட்டதோடு சரி. சனிக்கிழமைதோறும் கொல்லைக் கனகாம்பரத்தைக் கட்டிவைத்து, ஞாயிறு காலையில் புருஷனிடம் கொடுத்தனுப்புவாள். திங்களன்று துவைக்கும்போது அவர் சட்டைப் பையில் வெறும் நூல் சுருண்டு கிடக்கும். அங்கே விட்டுவிட்டு வந்த கோபத்தில் மகள் பூவைப் பிய்த்துப்போடுகிறாள் என்று நினைத்துக்கொண்டாள். கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

“இன்னிக்கி ஞாயித்துக்கெழம அண்ணி,” என்றாள். “அப்பன் வருவாருன்னு அது வாசக் கேட்டாண்ட நின்னுக்கினு இருக்கும்.”

மாணிக்கம்மாளின் கை தளர்ந்தது.

இல்லத்தின் மனநல ஆலோசகர் ஷோபனா பேசினாள். உடம்பு சரியில்லை என்று பொய் சொல்லி அழைக்க வேண்டாம், உள்ளதை நீங்களே சொல்லுங்கள், நான் பக்கத்தில் இருக்கிறேன் என்றாள். போனை வாங்கிய காவியாவிடம் செவ்வந்தி சொன்னாள்.

“எப்பமா எடுக்கறாங்க?” என்று கேட்டாள் காவியா.

மூன்று மணிக்குக் காவியாவும் ஷோபனாவும் காரில் வந்து இறங்கினார்கள். ஷோபனாவை ஹாஸ்டல் டீச்சர் என்று மாணிக்கம்மாள் கூட்டத்துக்குச் சொன்னாள்.

“டீச்சர் இல்ல அத்த. ஆஸ்பத்திரி அக்கா,” என்றாள் காவியா.

ஒப்பாரி ஒருகணம் நின்று மறுபடி தொடங்கியது.

மகள் இளைத்திருந்தாள். என்ன பேசுவதென்று தெரியாமல், நேற்றுக் கட்டிய சரத்தைத் துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள் செவ்வந்தி. அப்பா காலில் வைக்கச் சொன்னாள். காவியா தரையில் உட்கார்ந்து, முடிச்சைத் தேடி அவிழ்க்கத் தொடங்கினாள்.

“ஏண்டி பிரிக்கற?”

“உள்ள நூலு, நாடா எதுவும் உடமாட்டாங்கமா. அப்பா கேட்டாண்ட குந்திக்கினு ஒவ்வொண்ணா பிரிச்சித் தருவாரு. உங்கம்மா கட்டனது, ஒண்ணுகூட கீழ வுழக்கூடாதும்பாரு. நூல மட்டும் சட்டப் பையில வச்சிக்குவாரு. உங்கிட்ட சொல்லலயா?”

வெளியே பாடை கட்டி முடித்துக் குரல் கொடுத்தார்கள். செவ்வந்தி மகளை ஒட்டி உட்கார்ந்து, சரத்தின் மறுமுனையைத் தேடி எடுத்தாள்.