செவ்வாய்க்கிழமை அப்பா

நர்ஸம்மாவுக்கு எதிலும் அவசரம். வேறொரு நகரத்து மருத்துவமனையில் தலைமை நர்ஸ் வேலை கிடைத்த கையோடு, மகளுக்கு அங்கே பள்ளியில் இடமும் வாங்கிவிட்டாள். குழந்தையின் அப்பாவிடம் கேட்பது மட்டும் விட்டுப்போனது. விட்டுப்போனது என்றுதான் அவள் சொன்னாள். நாமும் அப்படியே வைத்துக்கொள்வோம்.

வக்கீல் தலையில் கை வைத்துக்கொண்டார். "விவாகரத்து ஆனாலும் புள்ள மேல ரெண்டு பேருக்கும் சம உரிமைன்னு தீர்ப்பு இருக்கேம்மா. ஊர் மாத்தணும்னா முதல்ல அவர் சம்மதம். இல்லைன்னா கோர்ட் அனுமதி. புள்ளையத் தூக்கிட்டு ஓடப் பாக்குறான்னு அவர் சொன்னா, நீ மட்டும் போ, புள்ள இங்க இருக்கட்டும்னுடுவாங்க."

குழந்தையின் அப்பா முடிதிருத்தும் கடைக்காரர், முன்கோபி. விஷயம் தெரிந்ததும் போனில் கத்தினார். அப்புறம் பேச்சையே நிறுத்திவிட்டார். கத்தலைவிட அந்த மௌனம்தான் அவளைத் தூங்கவிடவில்லை.

வக்கீல் போட்ட அனுமதி மனுவின் விசாரணையில் நீதிபதியம்மா அவரைக் கேட்டார். "உங்களைக் கேக்காமலே ஸ்கூல்ல சேத்திருக்காங்க. என்ன சொல்றீங்க?"

"பத்திக்கிட்டு வந்துச்சும்மா. என்ன லட்சணத்துல ஸ்கூல் புடிச்சிருக்கான்னு குறை கண்டுபிடிக்கவே பஸ் ஏறிப் போனேன். குறை ஒண்ணும் கிடைக்கல. நல்ல ஸ்கூல். இவளுக்கும் அங்க நைட் டூட்டி கிடையாதாம், புள்ள கூடவே இருப்பா. போகட்டும்."

வக்கீலே வாயைப் பிளந்தார்.

"ஒண்ணே ஒண்ணும்மா. போன தீர்ப்புல சனி ஞாயிறு என் முறைன்னு எழுதிட்டாங்க. எங்க தொழில்ல அன்னிக்குத்தான் கூட்டம் அள்ளும். புள்ளையப் பெஞ்சுல உக்கார வச்சுட்டு ஊருக்கெல்லாம் முடி வெட்டிக்கிட்டிருந்தேன். செவ்வாய்தான் கடை லீவு. செவ்வாய்க்கிழமை ஸ்கூல் விடும்போது நான் வாசல்ல நிக்கிற மாதிரி எழுதுங்க. பெரிய லீவுக்கு எங்கிட்ட அனுப்பட்டும்."

பெஞ்சில் உட்கார வைக்கிறார் என்பதைத்தான் அவருக்கு எதிராகச் சொல்லும்படி வக்கீலுக்கு அவள் ஓதியிருந்தாள். கூனிக் குறுகிப் போனாள். அவர் கேட்டபடியே உத்தரவு வந்தது.

தாழ்வாரத்தில் அவரை எட்டிப்பிடித்தாள். "நான் செஞ்சதுக்கு நீங்க என்னைக் கவுத்திருக்கலாம். ரொம்ப நன்றிங்க. சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அதெல்லாம் இருக்கட்டும். அங்க போய் கண்ட கடையில அவளுக்கு முடி வெட்டிடாத. நான் கத்திரியோட வர்றேன்."

அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன அவளுக்கு. "உங்களைக் கேக்காம ஒரு முடியக்கூடத் தொட மாட்டேன்" என்றாள்.