நின்ற இடத்தில் சாமை

சீக்கிரம் பாடி முடிக்க மாட்டார்களா என்று யமுனா நினைத்துக்கொண்டிருந்தாள். சென்னை மைதானத்தில் தேசிய கீதம் பாதிக்கு வந்திருந்தது. அவளுடைய பூட்ஸைச் சுற்றிச் சாமை முளைத்து இரண்டு இலை விட்டிருந்தது. மண்ணின் மேல் அசையாமல் நின்றால் அவள் காலடியில் சாமை முளைக்கும். மலைமேல் சோளக்காடு ஊரிலிருந்து கடைசி பஸ் எப்போது கிளம்பும் என்று தெரிவதைப் போல, அவள் பிறந்த பெரக்கரை நாட்டுக்காரர்களுக்கு இதுவும் தெரியும். கீதம் முடிந்ததும் பக்கத்தில் நின்ற கோல்கீப்பர் மேனகா குனிந்து பார்த்து, "இன்னைக்கு மூணு இலைடி, இழுத்துப் பாடிட்டாங்க" என்றாள். விசில் ஊதுவதற்குள் யமுனா நடுக்களத்தில் ஓடத் தொடங்கியிருந்தாள்.

முதல் தடவை நடந்தது அவள் பள்ளிக்கூடம் போகிற வயதில். கதிர் பிடிக்கத் தொடங்கியிருந்த சாமைக்காட்டில் கிளி விரட்ட அவளை அனுப்பியிருந்தார்கள். ஒரு கிளி மரக்கிளையில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு, கொத்தி வந்த கதிரை ஒவ்வொரு மணியாக உரித்துத் தின்கிற அழகில் அவள் விரட்ட மறந்து நின்றுவிட்டாள். உச்சிவெயில் சாய்வதற்குள் அவளைச் சுற்றிச் சாமை இடுப்பளவு வளர்ந்து, கதிர் முற்றித் தலை சாய்ந்திருந்தது. கால் மண்ணிலிருந்து வரவில்லை. அவள் போட்ட கூச்சலுக்கு அப்பா ராசாமணியும் அம்மா பாப்பாத்தியும் ஓடிவந்தார்கள். ராசாமணி முதலில் கதிரை அறுத்தார், பிறகுதான் மகளைப் பிடுங்கினார். உள்ளங்காலில் மயிர் போன்ற வெள்ளை வேர்கள் அறுந்து ரத்தம் கசிந்தது. மஞ்சள் அப்பியபடி பாப்பாத்தி சொன்னாள், "இனி எங்கயும் நிக்காத கண்ணு. நடந்துக்கிட்டே இரு." வலி ஒரு வாரத்தில் போய்விட்டது. எது முதலில், எது பிறகு என்ற அந்த வரிசை மட்டும் யமுனாவுக்குள் தங்கிவிட்டது.

அதன் பிறகு அவள் நிற்கவில்லை. பிரார்த்தனை வரிசையில் நிற்காத பிள்ளையை என்ன செய்வதென்று தெரியாமல் விளையாட்டு ஆசிரியர் அவள் காலில் ஒரு பந்தைப் போட்டார். நாமக்கல் விளையாட்டு விடுதி, மாநில அணி, கேரளத்தில் இரண்டு பருவம், பிறகு சென்னை கிளப் என்று வருடங்கள் ஓடின. மற்றவர்கள் பந்து வரட்டும் என்று காத்திருப்பார்கள். அவளுக்குக் காத்திருக்க வழியில்லை. பந்தைத் தடுக்கப் பின்களத்தில் இருப்பாள், கொடுக்க முன்களத்தில் இருப்பாள், நடுவில் எப்போது கடந்தாள் என்று யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். மைதானத்தைப் பராமரிக்கும் மாணிக்கம் மட்டும் கொஞ்சம் முணுமுணுத்தார். கீதத்துக்கு முளைத்த நாற்றுகளை வெட்டி எறிய மனம் வராமல், அவற்றைத் தண்ணீர்த் தொட்டி ஓரம் எடுத்து நட்டுவைத்தார்.

கட்டிலில் படுத்தாலும் அவள் கால்கள் போர்வைக்குள் ஓடும். பயந்து ஓடுகிறேனா, பிடித்துப்போய் ஓடுகிறேனா என்ற கேள்வி கூடவே ஓடும். பிளாஸ்டிக் புல் போட்ட ஒரு மைதானத்தில் ஆடப் போனபோதுதான் அதற்குப் பதில் கிடைத்தது. அங்கே எவ்வளவு நின்றாலும் எதுவும் முளைக்கவில்லை. முதல் பாதி முழுவதும் யமுனா நின்றாள். ஆட்டத்துக்கு நடுவே வானத்தை அண்ணாந்து பார்த்தது அன்றுதான். "ஏண்டி, மரமாட்டம் நிக்கறே!" என்று பயிற்சியாளர் சுகுணா கோட்டுக்கு வெளியிலிருந்து கத்த, மேனகா கையுறையால் வாயைப் பொத்திக்கொண்டாள். நிற்பது சுகமாகத்தான் இருந்தது. ஆனால் இடைவேளைக்குப் பிறகு கால்களுக்குப் பசித்தது. விரட்டுவதற்கு எதுவுமே இல்லாத அந்தத் தரையில் அவள் வாழ்நாளில் ஓடாத ஓட்டம் ஓடினாள். அணி தோற்றது. அன்று இரவு கால்கள் அசையாமல் தூங்கின.

அடுத்த வருடம் ராசாமணி செத்துப்போனார். காட்டோரம் வெட்டிய குழியருகே பிடிமண் போட நின்றவள், அழுகையில் நகர மறந்தாள். அண்ணன் செல்வம் இடுப்பைக் கட்டிப் பிடித்து இழுத்ததில் இடது முழங்கால் தசைநார் அறுந்தது. ஒரு பருவம் போயிற்று. அப்பாவின் குழியைச் சுற்றி விளைந்ததை ஊர் வீணாக்கவில்லை. அந்த வருடம் மாரியம்மனுக்கு அதில்தான் பொங்கல் வைத்தார்கள்.

அம்மனுக்கு மலை மண்ணில் விளைந்த சாமைதான் ஆகும், கடையில் வாங்கியது ஆகாது. ஆனால் ஊர் முழுக்க ஜவ்வரிசி ஆலைக்கு மரவள்ளிக் குச்சிக்கிழங்கு போட்டிருந்தது. விதைச்சாமையைப் பக்கத்து வீட்டார் வைத்திருப்பார்கள் என்று ஒவ்வொரு வீட்டாரும் நம்பி, இருந்ததைப் பொங்கித் தின்றுவிட்டார்கள். இந்த வருடம் கேட்டுப் பார்த்தால் எந்த வீட்டிலும் ஒரு பிடி இல்லை.

முழங்கால் தேறி, பயிற்சி முகாமுக்குக் கிளம்புமுன் யமுனா ஊருக்கு வந்திருந்தாள். அவளோடு பேச வேண்டுமென்றால் கூடவே நடக்க வேண்டும், அது ஊரில் எல்லோருக்கும் பழக்கம். செல்வமும் கிழங்குக்காட்டைச் சுற்றி அவளோடு நடந்தான்.

"ஒரே ஒரு மத்தியானம் கண்ணு. அந்த மேட்டுல சும்மா நின்னீன்னாப் போதும். சாமிக்கும் ஆச்சு, ஊருக்கு விதையும் ஆச்சு."

"கால் போச்சுன்னா?"

"பிடுங்கறதுக்கு நாங்க இத்தன பேரு இருக்கறமல்ல?"

"மொதல்ல எதைப் பிடுங்குவீங்கண்ணா?"

செல்வம் நின்றுவிட்டான். அவள் நிற்காததால் ஓடிவந்து சேர்ந்துகொள்ள வேண்டியிருந்தது. யமுனா பையிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். அதில் முக்கால்வாசிக்குச் சாமை இருந்தது. மாணிக்கம் தொட்டி ஓரத்தில் அறுத்துக் காயவைத்துக் கொடுத்தனுப்பியது.

"விதைங்க. நாலு மாசத்துல வந்துரும்."

"மாரியம்மன் நோம்பி அடுத்த வெள்ளிக்கெழம, கண்ணு."

"அம்மன் நாலு மாசம் பொறுக்கட்டும்."

"ஊரு என்னத்தச் சொல்லும்? எங்களுக்காக நிக்க மாட்டயா?"

அவர்கள் காட்டு மூலையைத் தாண்டி மறுபடியும் மேட்டுக்கு வந்திருந்தார்கள். அங்கே யாரோ அவளுக்காகக் கல் பொறுக்கி, மண்ணைக் கிளறி, தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்கள். யமுனா அதைச் சுற்றி நடந்தாள்.

"மாட்டேனுங்கண்ணா" என்றாள், மெதுவாக, நடந்தபடியே.