டான் கசிமிரோவின் விதவை

என் பிறந்தநாளுக்கு பெர்லா என்னைச் சாவு வீட்டுக்குக் கூட்டிப்போனாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. எனக்கு ஒரு சாவு நடந்திருப்பது அவளுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது.

மெக்சிகோ நகரத்தின் மத்தியில், மூக்குக்கண்ணாடிக் கடைகள் வரிசைகட்டி நிற்கும் தெருவில், நானும் அவளும் ஒரே கடையில் வேலை செய்கிறோம். நான் உள்ளே உட்கார்ந்து லென்ஸ் அறுக்கிறேன். அவள் முன்னால் நின்றுகொண்டு யார் முகத்துக்கும் பொருந்தாத ஃபிரேம்களை வருகிறவர்கள் தலையில் கட்டுகிறாள். கடையில் எல்லாருக்கும் நான் எர்மினியா, சுருக்கமாக மினா, ஐம்பத்துமூன்று வயது, ஆம்பிளை வாசனையே அறியாதவள். நானும் மறுத்ததில்லை. மறுத்தால் பேர் கேட்பார்கள். பேரைச் சொன்னால், அந்த மனுஷன் ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார் என்று கேட்பார்கள்.

பேர் எவோடியோ. லிஃப்ட் பழுது பார்ப்பவர். பதினான்கு வருஷம், செவ்வாய்க்கிழமையும் சனிக்கிழமையும் சாயங்காலத்தில், என் ஐந்தாவது மாடிக்குப் படியேறி வருவார். எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒருநாளும் கால் வைத்ததில்லை. "அதுக்குள்ள என்ன இருக்குன்னு எனக்குல்ல தெரியும்" என்பார், மூச்சு வாங்கிக்கொண்டே. மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. அவருடைய கம்பெனிக்குப் போன் செய்து, எங்கள் லிஃப்ட் நின்றுவிட்டது, எவோடியோவை அனுப்புங்கள் என்றேன். "ஐயோ, அவரு நேத்து ராத்திரி தவறிட்டாருங்க. வேற ஆளை அனுப்பட்டுங்களா?" என்றாள் ஒரு பெண். வேண்டாம் என்று வைத்துவிட்டேன்.

அன்றைக்கே விசாரித்துக்கொண்டு, உடலை வைத்திருந்த இடத்துக்குப் போனேன். வாசலில் அவருடைய மூத்த மகன் சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் அவனுக்கு எப்படியோ யாரென்று தெரிந்துவிட்டது. "அம்மா உள்ள இருக்காங்க. இன்னைக்கு வேணாம். தயவு செஞ்சு" என்றான். நான் திரும்பி பஸ் ஏறினேன்.

அப்புறம் ஆறு மாதம் லென்ஸ் அறுத்தேன். எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். யாராவது ஒரு ஆள் என் கையைப் பிடித்துத் துக்கம் கேட்க வேண்டும். பக்கத்து வீட்டுக்காரியின் நாய் செத்தபோது மாடிக்கு மாடி ஆள் போய்க் கேட்டார்கள். நானும் போனேன். ஒரு பொட்டலம் பிஸ்கட்டோடு போய் நாய்க்குத் துக்கம் கேட்டுவிட்டு வந்தேன். எரிச்சலாக இருந்தது.

செப்டம்பர் மழையில் பெர்லா என்னை சாந்தா மரியா பக்கம் ஒரு பழைய வீட்டு முன்னால் இறக்கினாள். பெயர்ப்பலகை இல்லை. கதவில், சாவு விழுந்த வீடுகளில் மாட்டுவார்களே, அந்தக் கறுப்புத் துணி முடிச்சு தொங்கியது. நான் வாசலிலேயே நின்றுவிட்டேன்.

"என்னடி இது?"

"பார்தான். நாடகமும் உண்டு. நாமளும் நடிக்கணும், குடிக்கணும். டிக்கெட் கிடைக்கறதுக்கு நாயா அலைஞ்சிருக்கேன், மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காத."

"யாரு செத்தது?"

"டான் கசிமிரோ. தினமும் சாவாரு. திங்கக்கிழமை மட்டும் லீவு."

அப்படியே திரும்பியிருக்கலாம். என்னமோ, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தது. அன்றைக்கு வாசலோடு அனுப்பப்பட்டவள் இல்லையா.

கதவருகே தொப்பி போட்ட ஒருவன் ஒரு தட்டில் சீட்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தான். ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். அதில் இருப்பதுதான் அன்றைக்கு நம் வேஷம். நான் எடுத்துத் திருப்பினேன். "சின்ன வீடு" என்று இருந்தது. கீழே பொடி எழுத்தில், "அழைக்காமல் வருபவள்."

 கண்டுபிடித்துவிட்டார்கள் என்றே நினைத்தேன். பெர்லா எட்டிப் பார்த்து வாய்விட்டுச் சிரித்தாள்.

"மினாவுக்கா சின்ன வீடு! கோயில்ல மாதா சிலைக்குப் பாவாடை மாத்தற கன்னிக் கைக்கா! இங்க குடு. எனக்கு விதவை வந்திருக்கு, நீ வெச்சுக்க. கல்யாணம்தான் ஆகல, விதவையாவாவது ஆயிடு."

"வேணாம் பெர்லா. வேற ஏதாவது..."

"அட குடுன்னா. இந்த வேஷம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. எங்கப்பாவோடது எங்க வீட்டு வாசல்ல வந்து நின்னப்ப எனக்குப் பத்து வயசு. எப்படி நிக்கும், எப்படி மூக்கைச் சிந்தும், எல்லாம் பாத்து வெச்சிருக்கேன்."

நிற்கும், சிந்தும் என்றாள். ஒரு பொம்பளையைச் சொல்கிற மாதிரியே இல்லை, மழையில் ஒதுங்கிய மாட்டைச் சொல்கிற மாதிரி இருந்தது. நான் சீட்டைக் கொடுத்தேன்.

அவளை வேறு வழியாகக் கூட்டிப்போனார்கள். என் தோளில் கறுப்புச் சால்வையைப் போர்த்தி உள்ளே அனுப்பினார்கள். அந்தக் காலத்துக் கூடம். நிலைக்கண்ணாடி மேல் துணி போட்டிருந்தது. நடுவில் பெட்டி, நாலு மெழுகுவர்த்தி, பெட்டிக்குள் பவுடர் அப்பிய ஒரு நடிகன், மூச்சை அடக்கியபடி. சுவரோரம் நாற்காலிகளில் முப்பது பேர் இருப்பார்கள், கையில் கோப்பைகளோடு. துக்க வீட்டுக் காப்பியில் ஒரு மூடி சாராயம் ஊற்றிக் கொடுப்பார்கள், கொட்டு என்று அதற்குப் பேர். இங்கே காப்பியைவிடக் கொட்டு அதிகம். மேலே நுரை, ஒரு பட்டைக் குச்சி, புகை வேறு. இன்னொன்று மருந்துப் பாட்டிலில் வந்தது, டான் கசிமிரோவுக்கு டாக்டர் கடைசியாக எழுதிக் கொடுத்ததாம். அந்த டாக்டரைப் பிடித்து உள்ளே போடலாம், அவ்வளவு கசப்பு.

ஜெபம் சொல்ல வருகிற டோன்யா ப்ரூனா என்ற வேஷத்தில் ஒரு பருத்த நடிகை. டோன்யா என்பது மரியாதைக்குச் சேர்ப்பது, ஆம்பிளைக்கு டான் மாதிரி. அவள்தான் எல்லாவற்றையும் நடத்தினாள். என் முழங்கையைப் பிடித்துப் பெட்டியின் தலைமாட்டில், சாய்வு வைத்த ஒரு நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"இது உங்க இடம் டோன்யா. யார் வந்தாலும் எழுந்திரிக்காதீங்க. நீங்க எழுந்தா, அப்புறம் அவரும் எழுந்துடுவாரு, பாருக்குக் கெட்ட பேரு."

எல்லாரும் சிரித்தார்கள். பிறகு வரிசையில் வந்தார்கள், என்னிடம் துக்கம் கேட்க.

முதலில் வந்தவன் கண்ணாடி போட்ட ஒரு இளவட்டம், லென்ஸின் மையம் கண்ணுக்கு நேராகவே இல்லை, எவனோ அறுத்துக் கெடுத்திருக்கிறான். "ரொம்ப வருத்தமா இருக்கு டோன்யா. தங்கமான மனுஷன்" என்றான், சிரிப்பை அடக்கிக்கொண்டு. அடுத்து ஒரு பெண், "கடன்லாம் அடைச்சிட்டுத்தானே போனாரு?" என்று கேட்டுவிட்டுக் குலுங்கினாள். அதற்கடுத்து ஒரு பெரியவர். அவருக்கு நடிக்கத் தெரியவில்லை போல. இரண்டு கையாலும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ராத்திரிலதான் கஷ்டமா இருக்கும்மா. சாப்பிடாம படுத்துடாதீங்க."

அவ்வளவுதான் சொன்னார். நான் உடைந்துவிட்டேன். சால்வையைக் கடித்துக்கொண்டு அழுதேன். வரிசை நிற்கவில்லை. அணைத்தார்கள், தோளைத் தட்டினார்கள், கன்னத்தில் முத்தம் வைத்தார்கள். "ஐயோ பாவம்" என்றார்கள். "இந்தம்மா பார்காரங்க வெச்ச ஆளுதான், வாடிக்கைக்காரி இப்படி அழுவாளா" என்று யாரோ கிசுகிசுத்தது கேட்டது. சொல்லிக்கொள்ளட்டும். ஆறு மாதமாக எனக்கு வரவேண்டியதெல்லாம் ஒரே வரிசையில் வந்துகொண்டிருந்தது. கசிமிரோ பேரில் வந்தாலும் என் கைக்குத்தானே வந்தது. எனக்கு அப்போது அது போதுமாக இருந்தது.

கதவு மூன்று தடவை தட்டப்பட்டது.

பெர்லா. சிவப்புச் சால்வை. "கசிமிரோ! என் ராசா! என்னை விட்டுட்டுப் போயிட்டியே!" என்று வாசற்படியிலேயே சரிந்தாள். கூடமே ஓவென்று கத்தியது. "வந்துட்டாடா!" "வெளிய போ! வெளிய போ!" கோப்பைகளை நாற்காலிக் கையில் தட்டினார்கள். துக்கம் கேட்ட அதே பெரியவரும் தட்டினார்.

டோன்யா ப்ரூனா கையை உயர்த்தினாள். "வீட்டுக்காரம்மா சொல்லட்டும். விடறதா, வெரட்டறதா?"

இந்தக் காட்சியை ஆறு மாதமாக நான் படுக்கையில் கிடந்து நடத்தியிருக்கிறேன். எவோடியோவின் மனைவி என்னைப் பார்ப்பாள்.  சற்று நகர்ந்து இடம் விடுவாள். எனக்குப் பக்கத்தில் இப்போது ஒரு நாற்காலி காலியாகவே இருந்தது. "வா, உட்காரு" என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்?

பெர்லா தோளைக் குறுக்கிக்கொண்டு, சால்வை நுனியில் மூக்கைச் சிந்தியபடி நின்றாள். நன்றாகத்தான் பார்த்து வைத்திருந்தாள். நான் அப்படித்தான் நின்றிருப்பேன். அவளைப் பார்க்கப் பார்க்க எனக்கு வயிறு எரிந்தது. இவள் வந்து உட்கார்ந்தால் என் கையைப் பிடித்தவர்கள் இவள் கையையும் பிடிப்பார்கள். எனக்குச் சொன்னதெல்லாம் பாதியாகிவிடும். அந்த நாற்காலியில் இடம் விட எனக்கு மனசு வரவில்லை.

"இன்னைக்கு வேணாம்" என்றேன். "தயவு செஞ்சு."

கைதட்டல். ஆனால் பெர்லாவுக்கு வேஷம் அதோடு முடியவில்லை. கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு ஓடிவந்து பெட்டி மேல் விழுந்தாள். நடிகனின் சட்டையைப் பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். நான் எழுந்தேன். எழுந்ததுகூட எனக்குத் தெரியாது. அவள் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். நகம் பதிந்தது. தரையோடு வாசல்வரை இழுத்துக்கொண்டே போனேன்.

"இது இங்க நிக்கக் கூடாது! வெளிய தள்ளுங்க இதை!"

 அப்புறம் கூரை பிய்த்துக்கொண்டு போகிற மாதிரி ஆர்ப்பாட்டம். யாரோ எனக்கு இன்னொரு கொட்டுக் காப்பி கொண்டுவந்து கொடுத்தார்கள். 

கடைசிச் சடங்கு, விதவை தனியாக விடைகொடுப்பது. விளக்கைக் குறைத்தார்கள். எல்லாரும் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். நான் பெட்டி மேல் குனிந்தேன். பவுடருக்குக் கீழே சின்னப் பையன், முப்பதுகூட இருக்காது. கழுத்தில் நரம்பு துடித்தது.

எவோடியோவிடம் சொல்ல நான் வைத்திருந்தது பெரிதாக ஒன்றுமில்லை. படியேறி வந்ததும் மூச்சு வாங்க உட்காருவாரே, அந்த நாற்காலி இன்னும் கதவுப் பக்கத்திலேயே கிடக்கிறது. அதைச் சொல்லலாம் என்றிருந்தேன். வாயைத் திறந்தேன்.

"பதினாலு வருஷமாய்யா? பதினாலு வருஷம் எனக்குத் தெரியாம... எங்கிட்ட என்னய்யா கொறை கண்டீங்க?"

செத்தவனின் இமை துடித்தது. நான் பயந்து வாயைப் பொத்திக்கொண்டேன். அது என் கேள்வி இல்லை. ஊரின் இன்னொரு மூலையில், நான் பார்த்தேயிராத ஒரு சமையலறையில் இருப்பவளுடைய கேள்வி. அவள் இடத்தில் உட்கார்ந்தேன், அவள் பேச்சுதான் வந்தது. என் பேச்சைத் தேடினேன். ஒரு சொல்லும் அகப்படவில்லை. அதற்குள் மணி அடித்துப் பெட்டியை மூடிவிட்டார்கள். எவோடியோவுக்கு நான் ஒன்றுமே சொல்லவில்லை.

வெளியே தூறிக்கொண்டிருந்தது. விரட்டப்படுகிறவளை நாடகம் முடியும்வரை பக்கத்துச் சந்தில், ஒரு தகரக் கூரைக்குக் கீழே நிறுத்திவைப்பார்களாம். பெர்லா அங்கே மணிக்கட்டைத் தேய்த்துக்கொண்டு நின்றாள். சிரிக்கவில்லை.

"வலிக்குதா?" என்றேன்.

"நெசமாவே இழுத்துட்ட." நகம் பதிந்த இடத்தைப் பார்த்தாள். "எங்கம்மா அப்படித்தான் இழுத்தா. தரதரன்னு. அப்ப எனக்குப் பயமா இருந்துச்சு. இப்ப உன்னைப் பாத்தப்ப கைதட்டணும் போல இருந்துச்சு. அதுங்களுக்கெல்லாம் அப்படித்தான் வேணும்."

 அவள் அடிபட்ட கையாலேயே என் கையைப் பிடித்தாள். முகத்தைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தாள். கடையில் ஒருநாளும் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"மினா, உள்ள எல்லாரும் நடிச்சாங்க. நீ நடிக்கல. கதவுக்கு வெளிய நின்னு உன் அழுகையைக் கேட்டேன். யாரு அது? யாரைப் பறிகுடுத்த? எங்கிட்ட சொல்லு, நான் இருக்கேன்ல."

அவள் கை சூடாக இருந்தது. பேர் என் நாக்கு நுனியில் இருந்தது. சொன்னால் அழுவாள், கட்டிக்கொள்வாள், எனக்காக, என் பேரைச் சொல்லி. அப்புறம், ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் எங்கே போவார் என்று அடுத்த கேள்வி கேட்பாள்.

"யாருமில்லடி" என்றேன். "சும்மா, நடிப்புதான்."

"அடிப்பாவி! நான்கூட நெசம்னு நெனச்சுப் பதறிட்டேன்" என்று பெர்லா சிரித்தாள். என் கையை விட்டுவிட்டு டாக்சிக்குக் கை காட்டினாள்.