வலி போயிடுச்சி

அம்மா நிமிர்ந்து நடந்து வந்தாள். எனக்குப் பயமாகிவிட்டது.

கடலூரில் வேலை முடித்து, சிதம்பரத்தில் பஸ் மாறி, ஊரில் வந்து இறங்கிய சனிக்கிழமை சாயங்காலம் அது. ரைஸ்மில்லிலிருந்து வரும் தார் ரோட்டில், இரண்டு வருஷமாக நான் பார்த்தே இராத ஓர் அம்மா வந்துகொண்டிருந்தாள். என் அம்மா ஞானாம்பாள் கொஞ்ச தூரம் நடந்தால் குந்திவிடுவாள். மதகுக் கட்டையில் குந்தி, முட்டியில் நெஞ்சை வைத்துக் குனிந்துகொண்டு, தொடையிலிருந்து பாதம் வரைக்கும் யாரோ கம்பியைக் காய்ச்சி இழுக்கிற மாதிரி இருக்கிறது என்பாள். குனிந்த கொஞ்ச நேரத்தில் எல்லாம் அடங்கிப்போகும். எழுந்து நடப்பாள். மறுபடி கரண்ட் கம்பத்தடியில் குந்துவாள். அன்றைக்கு மதகையும் தாண்டினாள், கம்பத்தையும் தாண்டினாள்.

“என்னா அப்பிடி பாக்கற? வலி போயிடுச்சிடி” என்று சிரித்தாள்.

வலது காலில் செருப்பு இல்லை.

“செருப்பு எங்கம்மா?”

குனிந்து பார்த்தாள். அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. “தோ, வழியில எங்கனா கழண்டிருக்கும்” என்றாள். வைகாசி வெயிலில் பகலெல்லாம் காய்ந்த தார் ரோடு. செருப்புப் போட்டிருந்த எனக்கே அடியில் சூடு ஏறிக்கொண்டிருந்தது.

மில்லில் அவளுக்கு, அவித்த நெல்லைக் களத்தில் பரப்புகிற வேலை. ஆவி பறக்கிற நெல்லைப் பலகையால் தள்ளிக்கொண்டு போக வேண்டும். வலி வந்த பிறகும் அந்த வேலையை அவள் விடவில்லை. ஏனென்றால் பலகை மேல் குனிந்து தள்ளும்போது வலிப்பதே இல்லை. கையை வீசிக்கொண்டு வீட்டுக்கு நடந்தால்தான் வலி. இதை யாரிடம் போய்ச் சொல்ல? கூட வேலை பார்க்கும் தைலம்மாள், “நாளெல்லாம் பலவ தள்ள முடியுது, ஊட்டுக்கு நடக்க மட்டும் முடியலியாம். அந்த நடிப்ப எனக்கும் கொஞ்சம் சொல்லிக்குடேன் ஞானாம்பா” என்பாள். களமே சிரிக்கும். அம்மாவும் சேர்ந்து சிரிப்பாள். எனக்குத்தான் எரியும். மில்காரர் முன்னால், பஞ்சாயத்து ஆபீசில், என் காலேஜில் சர்டிபிகேட் வாங்கப் போன இடத்தில் என்று எங்கே போனாலும் கூனிக்கொண்டு நிற்பாள். “நிமிந்து நில்லும்மா” என்று அவளிடம் நான் சொல்லாத நாள் இல்லை. அப்படிப்பட்டவளுக்கு, குனிந்தால்தான் சுகம் என்று ஒரு வியாதி. கடவுள் என்று ஒருத்தர் எதிரில் வந்திருந்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

போன மாதம்தான் நான் பிடிவாதம் பிடித்துக் கடலூரில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினேன். அப்பாவும் மாமாவும் கூட வந்தார்கள். டாக்டர் ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டினார். “முதுகெலும்புக்கு உள்ள நரம்பு எறங்கற பாதை இங்க சுருங்கிப்போச்சு. நிமிந்தா நரம்ப இன்னும் நெரிக்கும். குனிஞ்சா பாதை கொஞ்சம் விரியும், நரம்பு மூச்சு விடும். அதான் அம்மாவுக்குக் குனிஞ்சா நல்லா இருக்கு.” ஆக, நடிப்பில்லை. அந்த ஒரு வாக்கியத்தைக் கொண்டுபோய்க் களத்தில் ஒவ்வொருத்தி காதிலும் கத்த வேண்டும்போல இருந்தது. அவர் என் பக்கம் திரும்பினார். “வலி ஜாஸ்தியானா பயப்படாதீங்க, மாத்திரை இருக்கு. வலி தானா போயி மரத்துப்போச்சுன்னா அப்ப பயப்படுங்க. ஒண்ணுக்கு ரெண்டுக்கு போறது தெரியலன்னா அன்னைக்கே வந்துடணும். நரம்பு செத்துட்டா அப்புறம் தொறந்து பாத்துப் பிரயோஜனமில்ல. அப்பிடி எதுனா இருக்காம்மா?”

அம்மா ஒரு பக்கம் அப்பாவையும் இன்னொரு பக்கம் தன் தம்பியான மாமாவையும் வைத்துக்கொண்டு, சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்து, “அதெல்லாம் ஒண்ணும் இல்லீங்க” என்றாள்.

ஆபரேஷன் செய்துவிடலாம், பெரிய ஆஸ்பத்திரியில் இலவசமாகவே செய்வார்கள் என்றார் டாக்டர். பஸ் ஸ்டாண்டுக்கு வருவதற்குள் அப்பா முடிவு கட்டிவிட்டார். “வாய்க்கா தூந்துபோச்சின்னு போன வருசம் ஜேசிபி எறக்கினானுங்க. தூரு போச்சா? கரைதான் போச்சி. முதுவுல கத்தி வெச்சா அப்புறம் படுக்கதான்.” கத்தி வேண்டாம் என்று சொல்ல மாமாவுக்கும் ஒரு துணை கிடைத்துவிட்டது. கொளஞ்சியப்பன் மாமா அம்மாவின் தம்பி. அக்கா என்றால் உயிரை விடுவார். ஸ்ரீமுஷ்ணத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் எலும்புக்கு எண்ணெய்க்கட்டு போடுகிறவர் ஒருவரிடம், தன் வேலையைப் போட்டுவிட்டு, டிவிஎஸ் பிப்டியில் அக்காவை வைத்து வாரத்துக்கு இரண்டு முறை கூட்டிப்போனார். அந்த ஆள் அம்மாவின் இடுப்பில் முட்டியை ஊன்றித் தோள் இரண்டையும் பின்னால் இழுத்தாராம். மளுக் என்று சத்தம் கேட்டதாம். அதை மாமா எல்லோரிடமும் சந்தோஷமாகச் சொன்னார்.

வீட்டுக்குள் நுழைந்தபோது கோழிக்குழம்பு வாசனை. “வாங்க டிகிரி” என்றார் மாமா. “கடலூரு டாக்டரு என்னா சொன்னான்? அறுத்தாதான்னான். தோ பாரு, உங்கம்மா ரெயிலாட்டம் நடக்கறா.”

நான் அவள் நடப்பதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அடுப்புக்கும் தண்ணீர்ப் பானைக்கும் போய் வந்தாள். இடது கால் சத்தமில்லாமல் விழுந்தது. வலது பாதம் தானாக எழும்பவில்லை. முட்டியை உயர்த்திப் பாதத்தைத் தூக்கிப் போட்டாள். ஈரத்துணியைத் தரையில் அடிக்கிற மாதிரி சப்பென்று விழுந்தது. மாமாவும் அப்பாவும் அதே சத்தத்தை ஒரு வாரமாகக் கேட்டிருக்கிறார்கள்.

கை கழுவப் பின்பக்கம் போனேன். கொடியில் இடம் இருந்தும், வேலிக்கு உள்பக்கமாக யார் கண்ணிலும் படாதபடி பழைய சேலைத் துணிகள் துண்டு துண்டாகக் காய்ந்துகொண்டிருந்தன. வீட்டில் நான் இல்லாதபோது இருக்கிற ஒரே பொம்பளை அம்மாதான். அவளுக்கு எல்லாம் நின்று வருஷக்கணக்காகிறது.

அவளைப் பின்கட்டுக்குக் கூப்பிட்டுக் காலை நீட்டி உட்காரச் சொன்னேன். மடியில் பூண்டு வைத்து உரித்துக்கொண்டே உட்கார்ந்தாள். வலது பாதத்தின் அடியில் உள்ளங்கை அகலத்துக்குக் கொப்புளம் உடைந்து தோல் சுருண்டிருந்தது. அவித்த நெல் சுட்டது. “எப்பம்மா சுட்டுக்கின?” “சுட்டுச்சா?” என்றாள். என் துப்பட்டாவில் குத்தியிருந்த ஊக்கை எடுத்துக் குதிகாலில் அழுத்தினேன். தைலம்மாளின் மருமகளுக்கு வளைகாப்பு என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். சுண்டுவிரலில் அழுத்தினேன். பச்சை வளையல் போதாமல் போய்விட்டதாம். கெண்டைக்கால் ஓரத்தில் குத்தினேன். சின்னதாக ரத்தம் துளிர்த்தது. அவள் பூண்டுத் தோலை ஊதிவிட்டு அடுத்த பல்லை எடுத்தாள்.

“எத்தினி நாளாம்மா?”

“எது?”

“வேலியில காயுதே, அது.”

பூண்டு மடியிலேயே நின்றது. “மெதுவா பேசு. மாமன் உள்ள இருக்கான்.” கதவுப் பக்கம் பார்த்துவிட்டு, “செவ்வாக்கெழமையிலேருந்து. வர்றதே தெரியல மதி. கால்ல ஓடறப்போ கீழ பாத்தாதான் தெரியுது. உக்காந்தா வேற யாரு மேலயோ உக்காந்தாப்ல இருக்கு” என்றாள்.

“ஏம்மா சொல்லல?”

“அதப் போயி எப்பிடி சொல்றது? வலிதான் போயிடுச்சே, இதுவும் போயிடும்னு இருந்தேன்.” என் மணிக்கட்டைப் பிடித்தாள். “அப்பாகிட்ட சொல்லாத. தம்பிகிட்ட சொல்லவே கூடாது. பச்சப்புள்ளயா நானு?”

சொல்லாமல்தான் ஆரம்பித்தேன். “அப்பா, இப்பவே அம்மாவ சிதம்பரம் கூட்டிக்கினு போவணும்.”

அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். “என்னா திடீர்னு? நாளைக்கி ஞாயித்துக்கெழம. திங்கக்கெழம பாக்கலாம்.”

“நல்லா நடக்கறவள எதுக்கு ஆஸ்பத்திரிக்கு?” என்றார் மாமா. “நம்ம வைத்தியத்துல சொஸ்தமாயிடுச்சேன்னு இதுக்குப் பொறுக்கல மச்சான். படிச்ச திமிரு.”

சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா வாசற்படியில் நின்றாள். என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையாட்டினாள். அவள் வாழ்நாளில் என்னிடம் கேட்டது ரொம்பக் குறைவு.

“அம்மாவுக்கு ஒண்ணுக்கு போறது தெரியல” என்றேன். “பொடவையிலயே போயிடுது. இடுப்புக்குக் கீழ மரத்துப்போச்சி. வலி போவல, நரம்பு சாவுது. திங்கக்கெழம வரைக்கும் வெச்சிருந்தா காலும் போயிடும்.”

மாமாவின் கை தட்டிலேயே இருந்தது. அப்பா சோற்றைப் பார்த்தார். அம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். கை கழுவாமல் எழுந்தவர் மாமாதான். யாரையும் பார்க்காமல் வெளியே போனார். டிவிஎஸ் பிப்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. சீக்கிரமே அவருக்குப் பின்னால் ஓர் ஆட்டோ வந்து நின்றது.

ஏறுவதற்கு முன்னால் அம்மா ஒரு சாக்கை நாலாக மடித்து சீட்டில் போட்டாள். அதன் மேல் உட்கார்ந்தாள். லால்பேட்டை போயிற்று. குமராட்சி போயிற்று. இருட்ட ஆரம்பித்திருந்தது. டிரைவர் பக்கத்தில் அப்பாவும் மாமாவும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுடைய முதுகுகள்தான் எங்களுக்குத் தெரிந்தன. வழியெல்லாம் அம்மா ஒன்றே ஒன்றுதான் பேசினாள்.

“மானத்த வாங்கிட்ட.”

“ஆமா. வாங்கிட்டேன்” என்றேன். அவள் கையைப் பிடிக்கப் போனேன். இழுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருந்த டாக்டர் என் வயசுப் பெண். ஆம்பளைகள் இரண்டு பேரையும் வெளியே அனுப்பிவிட்டுத் திரையை இழுத்தாள். எப்போதிலிருந்து என்று என்னிடம் கேட்டுக்கொண்டே வேகமாகக் கையுறை மாட்டினாள். செவ்வாய்க்கிழமை என்று நான் சொன்னதும் அவள் வேகம் குறைந்தது. அது எனக்குப் பிடிக்கவில்லை. அம்மாவை மல்லாக்கப் படுக்க வைத்து, வலது பாதத்துக்கு எதிரே போய் நின்றாள்.

“அம்மா, கால் கட்டைவிரல மேல தூக்குங்க.”

அம்மா மேலே பார்த்தபடி பல்லைக் கடித்தாள். கழுத்து நரம்பு புடைத்தது. கட்டில் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்தன.

“நல்லா தூக்குங்கம்மா.”

“தூக்கிட்டேன் பாப்பா” என்றாள் அம்மா. “போதுமா? இன்னும் தூக்கணுமா?”

டியூப் லைட் வெளிச்சத்தில், நெல் உமி ஒட்டிய நகத்தோடு, கட்டைவிரல் ஒரு பக்கமாகச் சாய்ந்து கிடந்தது.