கூடைக்குக் கீழே ஓர் ஆள்

ஒரு முட்டையை இரண்டாம் மாடியிலிருந்து கீழே போட வேண்டும், அது உடையக் கூடாது. பழைய செய்தித்தாள், ஸ்ட்ரா, செல்லோடேப், அவ்வளவுதான் தருவேன். நாலாம் வகுப்புக்கு நான் வைத்த முதல் சவால் இது.

அந்த ஆண்டிலிருந்து எங்கள் பள்ளியில் கணக்கு தனி, அறிவியல் தனி, அரபி தனி என்பது போய்விட்டது. பருவத்துக்கு ஒரு சவால், எல்லாப் பாடமும் அதற்குள்ளேயே வந்துவிட வேண்டும். பயிற்சியில் காட்டிய வீடியோவில் எங்கோ வெளிநாட்டுப் பிள்ளைகள் முட்டைக்குக் குடை கட்டிப் பறக்கவிட்டு ஆரவாரம் செய்தார்கள். நான் அதை அப்படியே தூக்கிக்கொண்டு வந்திருந்தேன்.

எங்கள் பிள்ளைகள் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். மஹிதாப் எழுந்தாள்.

“முட்டையை எதுக்கு மிஸ்டர் தூக்கிப் போடணும்? கூடையில வெச்சு இறக்கினா போச்சு.”

அலெக்ஸாந்திரியாவில் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடை இறங்குவதைப் பார்க்காமல் வளர்ந்த பிள்ளை ஒன்றுகூட அந்த வகுப்பில் இல்லை. மேலே அம்மா இறக்குவாள், கீழே கடைக்காரர் ரொட்டியும் முட்டையும் வைப்பார், கூடை ஏறும். இதெல்லாம் தெரிந்தும் முட்டையை வீசச் சொல்கிற மனிதரை வாத்தியார் என்று எப்படி ஒப்புக்கொள்வது என்று யோசித்திருப்பார்கள்.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்து வகுப்பைக் கவனித்துக்கொண்டிருந்த தலைமையாசிரியை, எங்கள் ஊர் மரியாதைப்படி அப்லா இனாயத், வாயைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். பிறகு என்னைத் தனியே அழைத்து, கூடையையே சவாலாக வையுங்கள் என்றார். கூடை சுழலக் கூடாது, சுவரில் மோதக் கூடாது, முட்டை முழுசாக வர வேண்டும். கயிற்றின் நீளம் கணக்கு, கப்பி அறிவியல், வீட்டுக்காரரைப் பேட்டி எடுத்து எழுதுவது அரபி. அவர் ஒரு விதி மட்டும் சேர்த்தார். உண்மையான ஒரு வீட்டில், உண்மையான ஒருவருக்காகச் செய்ய வேண்டும். காட்சி நாளில் அவரே பெற்றோர் முன்னால் இயக்கிப் பார்த்து, இது எனக்கு உதவுகிறது என்று சொல்ல வேண்டும். சொல்லாதவரை வேலை முடியவில்லை.

தன் பால்கனியில் நாலாம் வகுப்பை ஏற்றிக்கொள்ள எந்தத் தாயும் சம்மதிக்கவில்லை. ஆகவே நானே வாடிக்கையாளர் ஆனேன். ஐந்தாம் மாடி, செத்துப்போன லிஃப்ட், முனகுகிற முழங்கால். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைக்கமாட்டான் என்று பெருமையாகவே சொல்லிக்கொண்டேன்.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. என் மனைவி துரியா மகளின் பிரசவத்துக்காகக் குவைத் போனாள். அந்தக் குழந்தை இப்போது ஓடுகிறது. சண்டை ஒன்றும் இல்லை. சண்டை என்றால் சமாதானத்துக்கு ஒரு வழி இருக்கும். ஒரு வெள்ளிக்கிழமை போனில், இங்கே குளிர் இல்லை, குழந்தை நான் இல்லாமல் தூங்குவதில்லை, உங்களுக்கு இஷ்டமென்றால் நீங்களும் வாருங்கள் என்றாள். அதற்கப்புறம் நாங்கள் இருமல் மருந்தைப் பற்றித்தான் பேசுகிறோம். ஆசிரியர் அறையில் யாராவது கேட்டால் ‘அடுத்த மாதம் வருகிறாள்’ என்பேன். அடுத்த மாதம் ரொம்ப வசதியான மாதம், எவ்வளவு எடுத்தாலும் தீராது. கேட்பவர்கள் கேட்பதை நிறுத்தினார்கள். நான் சொல்வதை நிறுத்தவில்லை.

அப்லாவும் ஐந்து பிள்ளைகளும் ஒரு மாலை என் வீட்டுக்கு வந்தார்கள். மஹிதாப் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு பேட்டி எடுத்தாள். கூடையை இறக்குவது யார்? மேடம். கீழே நின்று பொருள் வைப்பது? நான். அது பொய்யில்லை. எத்தனையோ ஆண்டுகள் பள்ளி விட்டு வந்து தெருவில் நின்று குரல் கொடுப்பேன். துரியா கூடையை இறக்குவாள். ரொட்டியை அதில் வைத்துவிட்டுப் பிரபு மாதிரி வெறுங்கையோடு படியேறுவேன்.

மேடம் எங்கே என்று கேட்டாள். குவைத்தில், அடுத்த மாதம் வந்துவிடுவார் என்றேன். இப்போது எப்படிச் செய்கிறீர்கள் என்றாள். சாமான்களைக் கையில் தூக்கி வருகிறேன் என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நான்தான் நேர்மையான வாடிக்கையாளன் ஆயிற்றே. செய்தே காட்டினேன். கூடையை இறக்கிக் கயிற்றைக் கம்பியில் கட்டினேன். படியிறங்கித் தெருவுக்குப் போய்க் கூடையில் ரொட்டியை வைத்தேன். மறுபடி ஐந்து மாடி ஏறி, மூச்சு வாங்கியபடி கூடையை இழுத்தேன்.

பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டார்கள். ஷாதி என்ற தச்சர் மகன் மட்டும் யோசனையாக நின்றான்.

“மிஸ்டர், நீங்கதான் மேல வர்றீங்களே. அப்புறம் கூடை எதுக்கு?”

பழக்கம் என்றேன். அப்லா இனாயத் கட்டடங்களுக்கு நடுவே தெரிந்த கடலை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

கயிற்றைச் சுற்றி இழுக்கிற கைப்பிடி வைக்க மேடத்தின் உயரம் வேண்டும் என்றாள் மஹிதாப். சமையலறைக் கதவுச் சட்டத்தில் கையை வைத்து, அவள் தோள் இங்கே வரும் என்று காட்டினேன். துளிகூட யோசிக்கவில்லை. மஹிதாப் டேப்பால் அளந்து குறித்துக்கொண்டாள். அளந்து முடித்த பிறகும் கையை எடுக்க மறந்துபோனேன்.

பிள்ளைகள் அசுர வேகத்தில் வேலை செய்தார்கள். கூடை சுழலாமலிருக்க இரண்டு கயிறு, சுவரில் உரசாமலிருக்கப் பழைய தள்ளுவண்டியின் சின்னச் சக்கரங்கள், ஷாதியின் அப்பா பட்டறையிலிருந்து சட்டம். கைப்பிடி துரியாவின் தோளுயரத்தில். அவள் கையை உறுத்தக் கூடாதென்று உப்புத்தாள் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

காட்சிக்கு முந்தைய நாள் பள்ளியின் மாடி வராந்தாவில் ஒத்திகை. ஆசிரியர் அறையே தேநீரோடு வந்து நின்றது. நான் குனிந்து கைப்பிடியைச் சுற்றினேன். முட்டைகள் முழுசாக வந்து சேர்ந்தன. ரொம்ப நன்றாக இருக்கிறது, எனக்கு உதவுகிறது என்று அறிவித்தேன். மஹிதாப் தாளில் குறிக்கவில்லை.

“நீங்க குனியறீங்க மிஸ்டர். இது மேடமுக்குச் செஞ்சது, அவங்க சுத்திப் பாத்தாதான் முடியும். நாளைக்கு வருவாங்களா? இல்ல, அடுத்த மாசத்துக்குத் தள்ளி வெக்கச் சொல்லி அப்லாகிட்ட கேக்கட்டுமா?”

இந்த மாதிரி நேரத்துக்கென்று எப்போதும் ஒரு வேடிக்கைப் பேச்சு என் கைவசம் இருக்கும். குவைத் விமானம் பற்றி ஒன்று நாக்கு நுனி வரை வந்தது. கை அந்த வழவழப்பான கைப்பிடியிலேயே இருந்தது.

“தள்ள வேண்டாம்மா. அவங்க வரல. அடுத்த மாசமும் வரமாட்டாங்க.”

கணக்கு வாத்தியார் தன் கோப்பைக்குள் எதையோ தேடினார். எல்லோரும் பரிதாபப்படப் போகிறார்கள் என்று முகத்தைத் தயாராக வைத்துக்கொண்டேன். பெரியவர்கள் பரிதாபப்பட்டார்கள். பிள்ளைகளுக்கு அதற்கெல்லாம் நேரமில்லை. மஹிதாப் ரப்பரால் அழித்துக்கொண்டிருந்தாள்.

“அப்போ கைப்பிடியை ஏத்தணும். முதல்லயே சொல்லியிருக்கலாம்ல மிஸ்டர்? மரம் வீணாப் போச்சு.”

“கைப்பிடியை விடு,” என்றான் ஷாதி. “கீழ ஆளே இல்லையே. அதுக்கு என்ன பண்றது?”

முன்பு கயிற்றின் நீளக் கணக்கைச் சுற்றி உட்கார்ந்ததைப் போலவே இந்தக் கேள்வியைச் சுற்றியும் தரையில் உட்கார்ந்தார்கள். அப்லா காட்சியை ஒரு வாரம் தள்ளிவைத்தார்.

அவர்கள் கண்டுபிடித்தது ஒரு மணி. கூடை இனி மேலே காத்திருக்காது. பகலெல்லாம் தெருவில் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கும். யார் எதை வைத்தாலும் கயிற்றை இழுத்தால் என் பால்கனியில் மணி அடிக்கும். தெருவிலுள்ள கடைகளுக்கெல்லாம் பிள்ளைகளே போய் விளக்கிவிட்டு வந்தார்கள். காட்சி நாளில் என் உயரத்துக்கு ஏற்றிய கைப்பிடியைச் சுற்றினேன். மேலே ஒருவன் இருக்கிறான், கீழே யாருமில்லை, அதனால் இது எனக்கு உதவுகிறது என்று பெற்றோர் முன்னால் சொன்னேன். குரல் ஒரு இடத்தில் கரகரத்தது. குளிர் என்று எல்லோரும் பெருந்தன்மையாக நினைத்துக்கொண்டார்கள்.

முதல் சில நாட்கள் கல்யாண வீடு மாதிரி மணி அடித்தது. பெரும்பாலும் தெருப் பிள்ளைகள் இழுத்துவிட்டு ஓடினார்கள். ஒருமுறை கூடையில் காலி சிப்ஸ் பாக்கெட் வந்தது. ரொட்டிக்கடைப் பையன் நாலைந்து தடவை ஒழுங்காக வைத்தான். மூன்றாம் மாடிப் பெண்மணி ஒருநாள் முட்டைக்கோஸ் இலையில் சோறு வைத்துச் சுருட்டிய மஹ்ஷி வைத்து அனுப்பினார். தட்டை வெறுமனே திருப்பக் கூடாதே என்று பிஸ்கட் அடுக்கி அனுப்பினேன். நான் சமைத்ததை அனுப்பியிருந்தால் அந்தப் பழக்கம் அன்றோடு முடிந்திருக்கும்.

பிறகு கடல் கொந்தளித்தது. மழையும் காற்றுமாகத் தெரு வெறிச்சோடியது. அப்போதும் மணி அடித்தது. போர்வையை உதறிவிட்டுப் போய் எட்டிப் பார்ப்பேன். ஈரக் கயிறு, ஆடுகிற கூடை, ஆளில்லை. உள்ளே வந்து உட்கார்ந்ததும் மறுபடி அடிக்கும். மறுபடி போவேன்.

சவாலின் கடைசிப் படி, பயன்பாட்டில் தெரிந்த குறையைக் கேட்டுத் திருத்துவது. மஹிதாப் அட்டையோடு மேசைக்கு வந்தாள். காற்றுக்கும் மணி அடிக்கிறது என்று சொன்னேன். ஷாதிக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒரு ஸ்பிரிங் போட்டால் காற்றால் அடிக்க முடியாது, கை வைத்து இழுத்தால் மட்டும்தான் அடிக்கும் என்று படமே வரைய ஆரம்பித்துவிட்டான். நான் வேண்டாம் என்றேன்.

“காத்துன்னு தெரிஞ்சும் எழுந்து போவீங்களா மிஸ்டர்?”

“போய்ப் பாத்தாதானே காத்துன்னு தெரியும்.”

மஹிதாப் பென்சிலைக் கடித்தபடி என்னைப் பார்த்தாள். பிறகு குனிந்து எழுதினாள். குறை உண்டு, சரிசெய்ய வாடிக்கையாளர் விடவில்லை. கீழே இரண்டு கோடு இழுத்து, கையெழுத்துப் போடச் சொல்லி நீட்டினாள். போட்டுக் கொடுத்தேன்.