பாஸ்டர் பக்கம் சுழன்ற மின்விசிறி

நாற்பதைத் தாண்டிய கறுப்பினச் சகோதரிகள் கோடையில் தங்களைத் தாங்களே கவனித்துக்கொள்வது எப்படி என்று எங்கள் சபையில் ஒரு கூட்டம் போட்டார்கள். ஜூலை மாதச் சனிக்கிழமை, பகல் இரண்டு மணி, எங்கள் ஊர் மாண்ட்கமரியில் நூற்றொரு டிகிரி ஃபாரன்ஹீட். மேடைக்குப் பின்னால் தொங்கிய பேனரை ஏணியில் ஏறிக் கட்டியது நான். எனக்கு வயது ஐம்பத்துமூன்று. இரத்த அழுத்தத்துக்கு இரண்டு மாத்திரை போடுகிறேன். மாதவிலக்கு நிற்கிற காலத்துச் சூடு வேறு, தினமும் ஒரு தடவையாவது என்னை உள்ளிருந்து வேகவைக்கிறது.

சபையின் ஏசி ஜூனிலேயே படுத்துவிட்டது. சபைக் காரியங்களைப் பார்க்கிற டீக்கன்மார் அதற்காக ஜெபித்துக்கொண்டே இருந்தார்கள். மெக்கானிக்கைத்தான் ஒருவரும் கூப்பிடவில்லை. இருந்தது ஒரே ஒரு பெரிய மின்விசிறி. அது மேடையில் பாஸ்டர் கிரிம்ஸைப் பார்த்துச் சுழன்றது.

வாசல் ஊழியம் செய்கிற நாங்கள் எட்டுப் பேர். வெள்ளைச் சீருடை, வெள்ளைக் காலுறை, வெள்ளைக் கையுறை, இடது கை முதுகுக்குப் பின்னால். பேசக் கூடாது, கைச்சாடைதான். வருகிறவர்களுக்கு அட்டை விசிறி கொடுப்போம், மயங்குகிறவர்களுக்கு விசிறி விடுவோம். எங்களுக்கு நாங்களே விசிறிக்கொள்ளக் கூடாது. யார் வைத்த சட்டம் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

கூட்டம் தொடங்கும் முன் எங்கள் தலைவி சிஸ்டர் யூலா வரிசையாகப் பார்த்துக்கொண்டு வந்தார். எர்லீனுக்கு முன்னால் வந்ததும் நின்றார்.

"காலுறையில ஓட்டை, எர்லீன்."

எர்லீன் என் சிநேகிதி. முதியோர் இல்லத்தில் இரவு வேலை முடித்து, வீட்டுக்கே போகாமல் வந்து, மதியச் சாப்பாட்டுக்கு நூற்றறுபது துண்டு கோழி பொரித்திருந்தாள்.

"விடிய விடிய வேலை, சிஸ்டர் யூலா. அங்கேருந்து நேரா அடுப்பங்கரை. இன்னிக்கு ஒரு நாள் என்னை உக்கார விடுங்களேன்."

"உக்காரணும்னா வீட்டுல உக்காரு. கர்த்தரோட வாசல்ல நிக்கிறதுக்குக் கால் வலிக்குதாக்கும்?"

"உலகத்தைப் படைச்சுட்டுக் கர்த்தரே ஏழாம் நாள் உக்காந்தாருல்ல?" என்றேன்.

"மொதல்ல உன் வாய்க்குத்தான் கையுறை மாட்டணும், வெர்னீட்டா."

எர்லீன் வலப்பக்க வாசலுக்குப் போனாள், நான் இடப்பக்கம் போனேன்.

அட்லாண்டாவிலிருந்து வந்திருந்த பேச்சாளர் சின்னப் பெண். கையில்லாத கவுன், பக்கத்தில் ஐஸ் மிதக்கும் தண்ணீர். "தண்ணி நிறையக் குடிங்க. மதியத்துல இருபது நிமிஷம் காலை நீட்டிப் படுங்க. 'முடியாது'ன்னு சொல்லிப் பழகுங்க" என்றாள். எல்லோரும் ஆமென் போட்டார்கள். பாஸ்டர் ஆமென்தான் பெரிதாகக் கேட்டது. காற்று அவர் பக்கம் அல்லவா.

அப்போது எர்லீன் இரண்டு விரலை மார்பில் வைத்தாள். மாற்று ஆள் அனுப்பு என்று அர்த்தம். நடுவில் நின்ற யூலா அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு உள்ளங்கையைக் காட்டினார். நில் என்று அர்த்தம்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இரண்டு விரல். மறுபடி உள்ளங்கை.

நானும் அசையாமல்தான் நின்றேன், அதைச் சொல்லிவிடுகிறேன். போன ஆகஸ்டில் என் அக்கா வேலையிடத்தில் இப்படித்தான், ஷிஃப்ட் முடியட்டும் என்று நின்றுகொண்டே இருந்து, நின்ற இடத்திலேயே விழுந்து செத்தாள். எல்லாம் தெரிந்தும் முதுகுக்குப் பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

மூன்றாம் தடவை எர்லீனின் கை மார்பு வரை வரவில்லை. முகம் சாம்பல் பூத்திருந்தது.

நான் பெஞ்சுகளுக்கு நடுவிலிருந்த வழியாக நேரே மேடைக்கு நடந்தேன். மின்விசிறியைப் பிடுங்கித் தூக்கினேன்.

"சிஸ்டர் வெர்னீட்டா, என்னம்மா பண்றீங்க? கூட்டம் நடக்குது!"

"நடக்கட்டும் பாஸ்டர். நீங்க பத்து நிமிஷம் வேர்த்தா ஒண்ணும் ஆயிடாது. அங்க எர்லீன் சாகப்போறா."

பேச்சாளர் பெண் பேச்சை நிறுத்திவிட்டுத் தன் தண்ணீரை எடுத்துக்கொண்டு என் பின்னால் ஓடி வந்தாள். அவளைப் பற்றி ஏளனமாக நினைத்ததில் பாதியை அப்போதே திரும்ப எடுத்துக்கொண்டேன்.

சரிந்துகொண்டிருந்த எர்லீனைத் தாங்கிக் கடைசி பெஞ்சில் சாய்த்தோம். யாரோ ஆம்புலன்சுக்குப் போன் செய்தார்கள். என் கையுறைகளை உருவி, ஐஸ் தண்ணீரில் நனைத்துக் கழுத்தில் வைத்தேன். மின்விசிறியை அவள் முகத்துக்கு நேரே வைத்து முழு வேகத்தில் விட்டேன். வெகுநேரம் கழித்துக் கண்ணைத் திறந்தாள்.

"என் வாசல்ல யாரு நிக்கிறா?"

அதைக் கேட்டதும்தான் எனக்கு நிஜமான கோபம் வந்தது.

"ஒருத்தியும் நிக்கல. அது சுவத்தோட ஒட்டிக்கிட்டுதான்டி இருக்கு, ஓடிப் போயிடாது. நீ மூச்சு விடு."

நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். சீருடையோடு, கூட்டத்தின் நடுவில். யூலா விறுவிறுவென்று வந்தார்.

"அவ கெடக்கட்டும். நீ எந்திரிச்சுப் போய் வாசல்ல நில்லு. சபையே பாக்குது."

"பாக்கட்டும். 'முடியாது'ன்னு சொல்லிப் பழகச் சொன்னாங்கல்ல? பழகுறேன். முடியாது."

யூலா வாயைத் திறந்தார். அதற்குள் காற்று அவர் மேல் பட்டது. எழுபத்தொரு வயது, முப்பத்தெட்டு வருஷமாக அந்த நடுவழியில் நிற்கிறவர். சீருடைக் கழுத்து நனைந்து ஒட்டியிருந்தது. முதுகுக்குப் பின்னால் இருந்த கை மெதுவாகக் கீழே வந்தது. கையுறையைக் கழற்றினார். விரல்கள் வீங்கி, மோதிரம் சதைக்குள் புதைந்து கிடந்தது.

"கொஞ்சம் தள்ளி உக்காருடி," என்றார்.

தள்ளி உட்கார்ந்தேன். மன்னிக்கவில்லை. எர்லீன் கை காட்டிய இரண்டு முறையும் இவர் 'நில்' என்றுதான் காட்டினார்.